எண்பத்திரண்டு வீட்டுத் தடம்

ஆறுதல்புரம் உபதேசியார் சுவிசேஷமுத்துவின் கால்கள், ஏற்கெனவே பதிந்த இடத்தைத் தவிர வேறெங்கும் பதிய மறுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில், அவர் சவரம் பண்ண பிளேடு வாங்கப் புறப்பட்ட நேரத்தில். வழக்கமான கடை பூட்டிக் கிடந்தது. சரி, கீழே புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்களே, அங்கே போவோம் என்று திரும்பி வலது காலை எடுத்து வைத்தார். கால் தரைக்கு நாலு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தார். தலையணையை அழுத்தினாற்போல் காற்று கொஞ்சம் அமுங்கியது, கால் இறங்கவில்லை. இடது காலும் அதே கதை. சோதித்துப் பார்க்க வீட்டுப் பக்கம் திரும்பி வைத்தார், ஒழுங்காகப் பதிந்தது. குனிந்து பார்த்தபோது செம்மண் தெருவில் அவருடைய தடங்கள் வரிசையாகக் கிடந்தன. குதிகாலில் ஆணி இருந்ததால் இடது தடம் கொஞ்சம் ஒருச்சாய்ந்து, பதினான்கு வருட மழைக்கும் மாட்டுவண்டிக்கும் அழியாமல், ஒவ்வொன்றும் ஒரு சிரட்டை தண்ணீர் பிடிக்கும் ஆழத்தில் கிடந்தன. அவர் அதற்குள் கால் வைத்து வீட்டுக்குத் திரும்பினார். அன்றைக்குச் சவரம் இல்லை.

உபதேசியார் என்றால் குருவானவருக்கு ஒரு படி கீழே. குருவானவர் பன்னிரண்டு ஊருக்குப் பொதுவானவர், மாதத்தில் ஒரு ஞாயிறு மோட்டார் சைக்கிளில் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் மணியடிப்பது, ஆராதனை நடத்துவது, சாவுக்கு முன்னால் நடப்பது, கல்யாணத்துக்குப் பின்னால் நடப்பது, வீடுவீடாகச் சந்திப்பது எல்லாம் உபதேசியார் தலையில்தான். ஆறுதல்புரத்தில் மூன்று தெரு, எண்பத்திரண்டு வீடு, எண்பத்திரண்டும் நாலு தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கிய வீடு. ஆண்டவரைத் தெரியாத ஆள் அந்த ஊரில் ஒருவர்கூடக் கிடையாது. ஆண்டவருக்குத் தெரியாத ஆள் வேண்டுமானால் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், ஒரு ஜெபம், ஒரு காப்பி, மொத்தம் பதினொரு நிமிஷம், ஒரு நாளைக்கு ஒரு தெரு. எந்த வீட்டில் எந்தக் குறைக்கு ஜெபிக்க வேண்டும் என்பது வீட்டுக்காரர்கள் வாயைத் திறக்குமுன் அவருக்குத் தெரியும், அவர் ஜெபத்தில் அடுத்து என்ன வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் சிலர் நடுவிலேயே எழுந்துபோய் அடுப்பைத் தணித்துவிட்டு ஆமென் சொல்லச் சரியாக வந்து சேர்ந்துவிடுவார்கள்.

இப்படி முடிய வேண்டிய மனுஷர் இல்லை அவர். பத்தொன்பது வயதில் ஒரு கன்வென்ஷன் பந்தலில் அழுதுகொண்டே எழுந்து நின்று, பேர் தெரியாத ஊருக்கு, முகம் தெரியாத மனுஷரிடம் என்னை அனுப்பும் ஆண்டவரே என்று கேட்டவர். பல இடங்களில் வைத்துவிட்டுக் கடைசியில், பதினான்கு வருஷத்துக்கு முன்னால், ஆறுதல்புரத்துக்கு அனுப்பினார்கள். வருஷா வருஷம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தில் ‘புதிதாகச் சந்திக்கப்பட்டோர்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஆரம்பத்தில் அதில் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்களின் பேரை எழுதினார், பிறகு பிறந்த குழந்தைகளின் பேரை எழுதினார், கடைசி ஐந்து வருஷமாக ஒரு கோடு மட்டும் போட்டுவந்தார். வயது ஐம்பத்தாறு ஆகிவிட்டது. சாவதற்குள் ஒரே ஒரு ஆள், தன்னை எதிர்பார்த்துக் காப்பி போட்டு வைத்திருக்காத ஒரு ஆள், போதும் ஆண்டவரே என்று கேட்கவும் அவர் கூச்சப்பட்டுப்போன காலத்தில்தான் கால் இந்த வேலையைச் செய்தது.

அவர் மனைவி புஷ்பலீலா தையல் மிஷினை நிறுத்தாமலே விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

“சுகர் கூடியிருக்கும். நான் அப்பவே சொன்னேன். வீட்டுக்கு வீடு சீனி போட்டுக் குடிச்சா கால் என்ன செய்யும்?” என்றாள்.

பஸ் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை வாங்க மாதாமாதம் போகிற இடம்தான் என்பதால் பஸ் நிறுத்தத்திலிருந்து டாக்டரின் முக்காலி வரைக்கும் தடம் இருந்தது, கால் சிரமமில்லாமல் நடந்தது. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், சுத்தியலால் தட்டிப் பார்த்தார்.

“நடக்கத்தானே செய்றீங்க?”

“நடக்கேன் டாக்டர். நடந்த இடத்துல மட்டும் நடக்கேன்.”

“எல்லாரும் அப்படித்தான்” என்று சொல்லி டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஒரு வாரம் பேசியது, ஒரு வாரம் சிரித்தது, மூன்றாம் வாரம் அதற்கு ஏற்றமாதிரி தன் காரியங்களை மாற்றி அமைத்துக்கொண்டது. தடத்துக்குத் தடம் ஒரே தூரம், ஆகவே உபதேசியார் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேரும் நேரம் நிமிஷம் பிசகாமல் ஒன்றாகிவிட, பள்ளிக்கூடத் தெருவில் பதினேழாம் வீட்டுக்காரர்கள் அவர் நடையேறுவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்கள். அவர் எங்கே உட்கார்வார், எந்தக் கை காப்பிக்கு நீளும் என்பதெல்லாம் நிச்சயமாகிவிட்டதால், பெண்கள் டம்ளரை முன்கூட்டியே அந்த இடத்தில் வைத்துவிட்டுத் தங்கள் சோலியைப் பார்த்தார்கள். முடிவெட்டுகிறவர் கடையை விட்டு அவர் வீட்டுக்கே வந்தார். கோழிகள்கூட அந்தத் தடத்தைக் கிளறாமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டன. பஞ்சாயத்திலிருந்து சிமெண்டுத் தெரு போட வந்தபோது, தடத்தை மூடினால் ஊழியம் நின்றுபோகுமே என்று சபைக் கமிட்டி கவலைப்பட்டது. அந்தக் கவலையே தேவையில்லாமல், சிமெண்டு காய்வதற்குள் தடங்கள் ஒவ்வொன்றாக மேலே எழும்பி வந்து அதே இடத்தில் பதிந்துகொண்டன. காண்டிராக்டர் மட்டும் வேலை கெட்டுப்போனதாகக் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

குருவானவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே பார்த்தார், நிலைத்திருப்பது ஒரு வரம் என்றார், அந்த ஞாயிறு அதையே பிரசங்கமும் ஆக்கினார். கமிட்டிச் செயலாளர் பொன்சிங் அண்ணாச்சி அதற்கு மேலே ஒரு படி போய், “நம்ம உபதேசியார் காலை ஆண்டவரே பிடிச்சு வச்சிருக்காரு. மத்த சபைல உபதேசியாரைத் தேடிப் பிடிக்கணும். நமக்கு அந்தப் பாடு கிடையாது” என்று பெருமையாகச் சொன்னார். ஊருக்குக் கிழக்கே புது வீடு கட்டியிருந்த, எமிலி என்பவளின் மகன் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குத்தான் சிக்கல் வந்தது, அந்த வீட்டில் தடமே கிடையாது. அதையும் சமாளித்தார்கள். உபதேசியாரை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து, மொபெட்டை அப்படியே முன்னறைக்குள் ஏற்றி, எஞ்சினை நிறுத்தினார்கள். அவர் கால் இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தபடியே பாட்டும் ஜெபமும் முடித்தார். கேக் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

உமக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே அவருக்குக் கடைசி அடி எங்கே விழும் என்று தெரிந்தது, நாளைக்கு எங்கே, அடுத்த வருஷம் எங்கே, கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை அடி என்றும் தெரிந்தது. தெருவில் நிற்கும் வேப்பமரத்தின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது, ஆனால் பார்க்க வழியில்லை. பதினான்கு வருஷமாக அந்தப் பக்கம் அவர் போனதில்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது; இப்போது கால் தடுக்கிறது, அப்போது யார் தடுத்தார்கள் என்று யோசித்தபோது அழுகை வந்தது. எண்பத்திரண்டாம் வீட்டில் காப்பியைக் குடித்துக்கொண்டே அழுதார். காப்பி சூடாக இருக்கிறது போல என்று அந்த வீட்டம்மா ஆற்றிக் கொடுத்தாள்.

கார் நெல் அறுப்பு முடிந்த வாரம், வயலில் வாத்து வந்து இறங்கியது. வடக்கேயிருந்து ஒரு மினி லாரியில் இரண்டாயிரம் வாத்து, ஒரு தார்ப்பாய், ஒரு பெண், ஒரு சீக்காளி. ஆறுதல்புரத்து ஆட்கள் குளிக்கப்போகும் குளத்தின் கரைக்கு வெளிப்பக்கம், வாய்க்காலைத் தாண்டி அறுத்த வயலில் தார்ப்பாயைக் கட்டினார்கள். உபதேசியாரின் தடங்களில் ஒரு கிளை வீட்டிலிருந்து குளத்துப் படித்துறை வரைக்கும் போய், கரைமேல் அவர் துண்டைப் பிழியும் இடத்தோடு நின்றது. அங்கே நின்று பார்த்தால் கீழே முப்பது தப்படி தூரத்தில் தார்ப்பாய். அதற்கடியில் சாக்கின்மேல் ஒரு மனுஷன் கிடந்தான், வயிறு வீங்கி, கை கால் குச்சியாகி. காலையில் அந்தப் பெண் ஒரு நீளக் கம்போடு வாத்தை ஓட்டிக்கொண்டு போய்விடுவாள், சாயங்காலம்தான் திரும்புவாள். பகல் முழுக்க அந்த மனுஷன்மேல் ஈ மொய்த்தது. கையைத் தூக்க அவனுக்குத் தெம்பில்லை. உதட்டில் உட்கார்ந்தால் மட்டும் ஊதுவான்.

நாலு நாள் உபதேசியார் துண்டைப் பிழிந்து முடித்த பிறகும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அந்தப் பெண் கீழேயிருந்து சத்தம் போட்டாள்.

“ஏன்யா, தெனிக்கும் வந்து நின்னுக்குனு பாக்குறியே, நாங்க இன்னா சினிமாவா? நான் வாத்தப் பாப்பனா, இந்தாளப் பாப்பனா? வெறுங்கையோட நிக்கிறவன், எறங்கி வந்து குந்திக்குனு ரெண்டு ஈ ஓட்டினா கொறஞ்சா பூடுவ?”

“வரணும்னுதாம்மா நிக்கேன். காலு வரமாட்டேங்கு” என்றார் அவர்.

“எல்லாருக்கும் அப்டித்தான்யா. இந்தப் பக்கம்னாலே காலு வராது” என்று சொல்லிவிட்டு அவள் வாத்தை ஓட்டிக்கொண்டு போனாள். அவள் பேர் அஞ்சலாட்சி என்றும், படுத்திருப்பது அவள் புருஷன் மண்ணாங்கட்டி என்றும், முன்னால் பிறந்த மூன்றும் தங்காததால் அப்படிப் பேர் வைத்தார்கள் என்றும், பெரிய ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கொண்டுபோ என்று கைவிரித்துவிட்டார்கள் என்றும் வாத்துமுட்டை வாங்கப் போனவர்கள் மூலம் ஊருக்குள் தெரிந்தது.

உபதேசியார் கமிட்டியில் சொல்லிப் பார்த்தார். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேர் ரொட்டிப் பொட்டலமும் வேதவசனம் அச்சடித்த ஒரு கைப்பிரதியும் கொண்டுபோய், வாத்துக்கு ஏதோ காய்ச்சல் வருகிறதாமே என்று மூக்கைப் பொத்தி, வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே வைத்துவிட்டு வந்தார்கள். ரொட்டியை வாத்து தின்றது.

“வேய் உபதேசியார், அந்தாளு பேரு நம்ம சபை டாப்புப் புஸ்தகத்துல இருக்கா?” என்று கேட்டார் பொன்சிங் அண்ணாச்சி.

“இல்ல அண்ணாச்சி.”

“உம்ம தடம் அங்க போகுதா?”

“போகல.”

“பொறவு என்ன? ஆண்டவரு எல்லை போட்டுத் தந்திருக்காரு. அதுக்கு அங்கிட்டு உள்ளதுக்கு வேற ஆளு வச்சிருப்பாரு. நீரு கெடந்து மனசப் போட்டு ஒழப்பாதயும்.”

உபதேசியார் எழுந்து தடத்தில் கால் வைத்து வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து குளத்தங்கரையில் துண்டைப் பிழிந்ததும் வலது காலை எடுத்துச் சரிவுப் பக்கம் வைத்துப் பார்ப்பார், காற்று தாங்கும், காலை எடுத்துக்கொள்வார். மறுபடி வைப்பார். அவன் நாளுக்கு நாள் சாக்கோடு ஒட்டிக்கொண்டே போனான், இவருக்கு அந்த முப்பது தப்படி அப்படியே கிடந்தது. அந்த ஆள் தனியாகச் செத்துப்போவான், நான் இங்கே ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கொக்குமாதிரி நின்றிருப்பேன் என்ற பயம் அவரைச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு காக்கா வந்து மண்ணாங்கட்டியின் நெஞ்சில் உட்கார்ந்தது. அவன் ஊதினான், அது பறக்கவில்லை. ஒரு தத்து தத்திக் கழுத்துக்கு வந்து முகத்தைச் சாய்த்துப் பார்த்தது. ஏ ஏ என்று கத்திக்கொண்டு உபதேசியார் பாய்ந்தார், தடம் ஞாபகத்தில் இல்லை, கால் காற்றில் தட்டியது, ஆள் குப்புற விழுந்து சரிவில் பாதி தூரம் உருண்டார். எழுந்தபோது முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே மண் இருந்தது. ஈரமான, குளிர்ந்த, அவர் இதுவரை தொடாத மண். முழங்காலுக்கு யாரும் எந்தத் தடையும் போட்டிருக்கவில்லை. கால் இரண்டையும் பின்னால் மேலே தூக்கிக்கொண்டு, கையையும் முழங்காலையும் ஊன்றி, தவழும் பிள்ளையைப் போல அவர் சரிவை இறங்கினார், வெள்ளை வேட்டியோடு வாய்க்காலில் இறங்கி ஏறினார், அறுத்த தாள் முழங்காலைக் குத்த வயலைக் கடந்தார். காக்கா அவரைக் கடைசிவரை நம்பாமல் பார்த்துவிட்டுப் பறந்தது.

“யாரு?” என்றான் மண்ணாங்கட்டி.

“நான் உபதேசியார்.”

“இன்னா வோணும்?”

பத்தொன்பது வயதிலிருந்து அவர் காத்திருந்த கேள்வி இது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த மாதிரி நேரத்துக்கென்று மனப்பாடமாக வைத்திருந்த பாட்டை எடுத்தார். இரண்டு வார்த்தை பாடியிருப்பார்.

“பாட்டு வோணாம். ஈ ஓட்டு” என்றான் மண்ணாங்கட்டி.

அவர் ஈ ஓட்டினார். தோளில் கிடந்த துண்டை மடித்து, முகத்தில் காற்று படும்படி, மேலே படாதபடி. பதினொரு நிமிஷம் ஆனதும் அவருடைய உடம்பு தானாக எழுந்துகொள்ளப் பார்த்தது, காப்பி எங்கே என்று கைகூட நீண்டது. அதை அடக்கி உட்கார வைத்தார். மேலே ஏறிய வெயில் சாய்ந்தது. அங்கே ஊருக்குள் ஒரு தெரு முழுக்க டம்ளரில் காப்பி ஏடுகட்டி ஆறிக் கொண்டிருந்தது, குளத்தங்கரையில் ஒவ்வொருவராக வந்து நின்று வாயில் கை வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் வாத்தோடு திரும்பிய அஞ்சலாட்சி, சேறும் ரத்தமுமாக இருந்த அவருடைய வேட்டியையும் மேலே தூக்கியிருந்த பாதங்களையும் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு புருஷனின் முகத்தில் ஈ இல்லாததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

மறுநாளும் தவழ்ந்து போனார். புண்ணைக் கழுவக் கற்றுக்கொண்டார். தலையைத் தூக்கி மடியில் வைத்துக் கஞ்சி புகட்டக் கற்றுக்கொண்டார். மண்ணாங்கட்டிக்கு வாத்தைப் பற்றித்தான் பேச வரும், இவருக்கு வாத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் அவன் பேச இவர் கேட்டார். ஒருவர் சொல்லப்போவது என்ன என்று முன்கூட்டித் தெரியாமல் கேட்டு அவருக்கு எத்தனையோ காலமாகியிருந்தது. மூன்றாம் நாள் சரிவில் இறங்கும்போது, முழங்கால்கள் தாமாகவே நேற்றைய பள்ளத்தில் போய்ப் பொருந்தி உட்கார்ந்ததைக் கவனித்தார். பொருந்தியது சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம்தான் அவரைப் பயமுறுத்தியது. சட்டென்று ஒதுங்கி, முள் கிடந்த பக்கமாகத் திரும்பி, கையெல்லாம் கீறிக்கொண்டு சுற்றிப் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு ஒரு நாள் போன வழியில் மறுநாள் போகவில்லை.

“உங்க சாமி ஈ ஓட்டுமா?” என்று வெள்ளிக்கிழமை கேட்டான் மண்ணாங்கட்டி.

உபதேசியார் யோசித்தார். பிரசங்கம் பண்ண எத்தனையோ இருந்தது.

“ஒரு தடவ பன்னெண்டு பேருக்கு உக்காந்து கால் கழுவிவிட்டாரு” என்றார்.

“கூலிக்கா?”

“சும்மாதான்.”

“காட்டிக் குடுக்கிறவனுங்க, ஓடிப்போறவனுங்க எல்லாரும் இருந்திருப்பானுங்களே, பன்னெண்டு பேருன்னா.”

“இருந்தாங்க. அவங்களுக்கும் கழுவினாரு.”

“அப்ப நல்ல ஆளுதான்” என்று சொல்லிவிட்டு மண்ணாங்கட்டி கண்ணை மூடிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் உபதேசியார் பண்ணிய பிரசங்கங்களில் இதுதான் சின்னது.

சனிக்கிழமை சாயங்காலம் கமிட்டி குளத்தங்கரையில் வந்து நின்றது. பொன்சிங் அண்ணாச்சி இறங்கி வரவில்லை, கரைமேலிருந்தே பேசினார்.

“வேய், அஞ்சு நாளா ஊருல ஜெபம் இல்ல. கோழிகூடத் தடத்துல மேயுது. நாளைக்கு மொத மணி அடிக்கும்போது நீரு ஒழுங்காத் தடத்துல நிக்கணும். இல்லைன்னா தலைமைக்கு எழுதிருவோம். முழங்கால்ல ஊர்ந்து போற உபதேசியாரு எங்களுக்கு வேண்டாம்.”

அன்றைக்கே இன்னொரு செய்தியும் வந்திருந்தது. வயலில் சிந்தின நெல் தீர்ந்துவிட்டது. ஞாயிறு விடிந்ததும் வாத்து விருதுநகருக்கு வடக்கே வேறு வயலுக்குப் புறப்படுகிறது. மினி லாரியில் முன்னால் டிரைவரும் அஞ்சலாட்சியும், பின்னால் கூண்டுகளுக்கு நடுவே மண்ணாங்கட்டி. “குலுங்காம யார்னா புடிச்சுக்கணும். முன்னால எடம் இல்ல. நான் பின்னால குந்தினா டிரைவருக்கு வழி சொல்ல ஆளு இல்ல” என்று அவள் யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள்.

உபதேசியார் கரைவரை தவழ்ந்து, அங்கிருந்து தடத்தில் நடந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது புஷ்பலீலா வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். அவர் முழங்காலைக் கழுவி மஞ்சள் அப்பினாள். லாரி புறப்படும் செய்தி அவளுக்கும் எட்டியிருந்தது. ஒரு பைக்குள் இரண்டு வேட்டி, மாத்திரை, துண்டு நாலு எடுத்து வைத்தாள்.

“அங்க போய் எறங்கினா உங்களுக்குக் கால் வைக்க ஒரு தடம்கூடக் கிடையாதே” என்றாள்.

“அதான் பயமா இருக்கு.”

“எனக்கும் பயந்தான். நீங்க இங்கனயே காப்பி குடிச்சுக் குடிச்சுச் சாவியளோன்னு பதினாலு வருஷமாப் பயந்தேன், அத விட இது பரவால்ல. நாளைக்கு ஆராதனைய நான் நடத்துதேன். எனக்கு வாசிக்கத் தெரியாதா, என்ன?”

ஞாயிற்றுக்கிழமை மினி லாரி கிளம்பியபோது முதல் மணி அடித்தது. அடித்தது புஷ்பலீலாதான். ஊரில் பாதிப் பேர் கோயிலுக்குள்ளும் பாதிப் பேர் ரோட்டிலும் நின்றார்கள். உபதேசியார் பின்னால் கூண்டுகளின் நடுவே, கால்களை முன்னால் நீட்டி, மண்ணாங்கட்டியின் தலையை மடியில் ஏந்தி, துண்டால் வீசிக்கொண்டே போனார். இரண்டாயிரம் வாத்தும் ஒரே நேரத்தில் கத்தியதில் பொன்சிங் அண்ணாச்சி கையை ஆட்டி என்னமோ சொன்னது கேட்கவில்லை.

கயத்தாறு வரைக்கும் மண்ணாங்கட்டி பேசிக்கொண்டு வந்தான். முட்டையிடப் போகும் வாத்தை நடையை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தான். கோவில்பட்டிக்கு அப்புறம் பேச்சு நின்றது, கை மட்டும் உபதேசியாரின் வேட்டியைப் பிடித்திருந்தது. சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்தில் லாரி ஏறியபோது அந்தப் பிடி தளர்ந்தது. உபதேசியார் குனிந்து மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடி, மறுபடி துண்டை எடுத்தார். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஆள் உயரத்துக்குக் கூண்டு அடுக்கியிருந்தது. கூப்பிட்டால் வாத்துச் சத்தத்தில் கேட்காது, தட்டினாலும் தெரியாது. வெயில் ஏறி ஈ வந்தது. கண் மேல் உட்காரப் பார்த்தது, உதட்டில் உட்காரப் பார்த்தது. அவர் ஒன்றைக்கூட உட்காரவிடவில்லை.

விருதுநகருக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரத்தில் லாரி நின்றது. டிரைவர் இறங்கிப் போனான். அஞ்சலாட்சி உட்கார்ந்த இடத்திலேயே ஜன்னல் வழியாக டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். உபதேசியார் மடியிலிருந்த தலையை இறக்கி, ஒரு வேட்டியை மடித்து அடியில் வைத்து, இன்னொன்றால் முகத்தை மூடிவிட்டு, பின்பக்கத் தட்டியைத் திறந்து இறங்கினார். அவர் பிறந்ததிலிருந்து மிதித்திராத மண் அது. லாரியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து ஜன்னலருகே நின்றார். அவளிடம் எப்படிச் சொல்வது என்பதைத் தவிர அவர் மனதில் வேறொன்றும் இல்லாததால், தாம் என்ன செய்தோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்தது. ஆறு நாளாக முழங்காலில் ஊர்ந்து வந்த மனுஷர் ஜன்னலுக்கு நேரே, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகம் இருக்க, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், எட்டிக் குனிந்து அவர் பாதங்களைப் பார்த்தாள், டம்ளரை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்க வச்சு?” என்றாள்.

“பாலத்துலம்மா.”

“அதுக்கப்பறமும் ஓட்டினியா?”

“ஓட்டினேன்” என்றார்.

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கால் தடுமாறியது, அவர் பிடித்துக்கொண்டார். இருவரும் லாரியின் பின்பக்கத்துக்கு நடந்து போனார்கள்.